முகத்துவாரத்தில் ஒரு கைத் தண்ணீர்

சாமி, பேய், அருள் எல்லாமே மூளை செய்யும் வேலை என்று சொல்லும் புத்தகங்களை நான் விரும்பிப் படிப்பவன். பாதிக்கு மேல் ஒத்துக்கொள்கிறவனும்கூட. ஆனால் பழவேற்காட்டுக்குப் போய்வந்த பிறகு அந்த வாதத்தில் ஒரு இடம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

இந்த விஷயத்தில் மீனவர்களைச் சாட்சிக்கு இழுத்தவர்களில் முக்கியமானவர் மாலினோவ்ஸ்கி. முதல் உலகப்போர் சமயத்தில் நியூகினி பக்கத்து ட்ரோப்ரியாண்ட் தீவுகளில் தங்கியிருந்தவர். 1925-ல் வந்த கட்டுரையில் அவர் சொன்னது சுருக்கமாக இதுதான்: உள்ளேரியில் மீன் நிச்சயம், ஆபத்து இல்லை, அங்கே மந்திரமும் இல்லை. திறந்த கடலில் உயிருக்கும் உத்தரவாதம் இல்லை, மீனுக்கும் உத்தரவாதம் இல்லை, அங்கேதான் சடங்கெல்லாம். பயம் இருக்கிற இடத்தில் மனசு சாமியைத் தேடுகிறது. இன்றைக்கு மூளை அறிவியல் பேசுகிறவர்கள் பலரும் இதையேதான் புதுச் சொற்களில் சொல்கிறார்கள்.

இதைச் சரிபார்க்கப் பழவேற்காட்டைவிடத் தோதான ஊர் உண்டா? ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் வங்கக் கடல், நடுவில் மணல் திட்டு, இரண்டையும் சேர்க்கும் முகத்துவாரம். ஒரே குப்பத்து ஆளே இரண்டிலும் தொழில் செய்கிறார்.

முதல் சிக்கல் ஏரியிலேயே வந்துவிடுகிறது. ஏரி ஆழமில்லாதது, உயிர்ப் பயம் குறைவு, சரிதான். ஆனால் மீன் நிச்சயமா? முகத்துவாரம் மணல் மூடிக்கொண்டால் இறால் உள்ளே வராது. வந்தாலும் எல்லா இடத்திலும் கிடைக்காது. நல்ல இடம் கிடைத்தவனுக்குப் பணம், கிடைக்காதவனுக்கு டீசல் செலவுதான். மாலினோவ்ஸ்கி கணக்குப்படி இங்கே மந்திரம் பெருகியிருக்க வேண்டும். பெருகியது என்ன தெரியுமா? பாடு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் என்று பாட்டு உரிமை உள்ள ஊர்கள், எந்த இடத்தில் யார் எந்த நாள் வலை கட்டுவது என்று முறை வைத்துச் சுற்றிவருகின்றன. இன்றைக்கு எனக்கு மோசமான இடம் என்றால் நாளைக்கு வேறு இடம். நிச்சயமின்மையை ஊரே பங்கு போட்டுக்கொள்கிறது. (பாட்டுக்குள் சேர்க்கப்படாத சாதிகளின் குறை தனிக்கதை. அதைத் தனியாகத்தான் எழுதணும்.) ஆக, பயத்துக்கு மனுஷன் கண்டுபிடித்த ஒரே மருந்து சடங்கு இல்லை. மூளையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் பாடு கண்ணில் படவே படாது.

அதே ஏரியில் பாட்டுக்கு முதல் வலை இறக்கும்போது கற்பூரமும் காட்டுகிறார்கள். நிச்சயமான இடத்தில் சடங்கு இல்லை என்ற கோட்டை அங்கேயும் அழிந்துபோகிறது.

1970-களில் பாகி, கெர்சுனி என்ற இருவர் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து மீனவர்களைப் பார்த்துவிட்டு ஒரு திருத்தம் சொன்னார்கள். விலக்குகளும் சகுனங்களும் வருமானப் பயத்தோடு அல்ல, உடம்புக்கு வரும் ஆபத்தோடுதான் ஒட்டியிருக்கின்றன என்று. முகத்துவாரத்தில் நான் கண்டது இதற்குத்தான் பொருந்தி வந்தது. ஃபைபர் படகு ஏரியில் போனவரை அண்ணன் பேச்சை நிறுத்தவே இல்லை. அலை உடையும் இடம் நெருங்கியதும் இன்ஜினைக் குறைத்தார். ஒரு கைத் தண்ணீர் அள்ளி நெற்றியில் தொட்டார். அப்படியே நின்று அலையைப் பார்த்தார். ஒன்று போனது, இரண்டு போனது, மூன்றாவதுக்கு முன்னால் விட்டு ஏறினார்.

கடலுக்குள் போன பிறகு கேட்டேன்: "என்னண்ணே வேண்டிக்கிட்டீங்க?"

"வேண்டல தம்பி. அம்மா அந்த எடத்துல பக்கத்துல நிக்கிற மாதிரி இருக்கும். எங்க அப்பாருக்கும் அப்படித்தான்."

"லைஃப் ஜாக்கெட்?"

"உள்ள கெடக்கு" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பக்கத்தில் யாரோ நிற்கிற உணர்வு. இதை ஆய்வகத்திலேயே வரவழைத்திருக்கிறார்கள். 2014-ல் சுவிட்சர்லாந்தில் ஓலாஃப் பிளாங்கே குழு, ஒருவர் தன் கையை அசைக்க, அந்த அசைவை ஒரு ரோபோ கொஞ்சம் தாமதித்து அவர் முதுகிலேயே தொடும்படி செய்தது. நல்ல ஆரோக்கியமானவர்கள் சிலருக்கே பின்னால் ஆள் இருப்பதாகத் தோன்றியது. சிலர் பயந்துபோய் நிறுத்தச் சொன்னார்கள். சொந்த உடம்பின் அசைவையே மூளை வேறொருவர் என்று எடுத்துக்கொள்கிறது என்பது விளக்கம். நல்ல விளக்கம், எனக்கு மறுப்பில்லை. ஆனால் கவனியுங்கள்: அங்கே வந்தது பேய், இங்கே வந்தது அம்மா. அவர்களில் சிலர் பயந்து நிறுத்தச் சொன்னார்கள், இவர் கை நடுங்காமல் அலையை எண்ணினார். உணர்வை மூளை கொடுத்திருக்கலாம். அது யார் என்பதை அப்பாவின் படகில் சின்ன வயசிலிருந்து பழகிய கைதான் சொல்லிக்கொடுத்திருக்கிறது.

வி. எஸ். ராமச்சந்திரன் 1998-ல் வந்த தன் புத்தகத்தில் கடவுளுக்கும் மூளைக்கும் என்றே ஒரு அத்தியாயம் ஒதுக்கினார். நம்ம ஊர்க்காரர், பிரமாதமாக எழுதுகிறவர். வலிப்பு நோயாளிகள் இரண்டு பேருக்குச் சொற்களைக் காட்டித் தோலின் மின்மாற்றத்தை அளந்தார். மதச் சொற்களுக்குத் துடிப்பு கூடியது. இதைவைத்துக் கடவுள் இல்லை என்று சொல்ல முடியாது என்று அவரே எச்சரிக்கிறார். அவரை மேற்கோள் காட்டுகிறவர்கள் அந்தப் பகுதியை மட்டும் மறந்துவிடுகிறார்கள். என் குறை வேறு. இரண்டே பேர், அதுவும் ஏற்கெனவே பக்தியில் ஊறியவர்கள். பக்தியில் ஊறிய மூளைக்குப் பக்திச் சொல் இனிப்பதில் என்ன ஆச்சரியம்? பழக்கம் முதலா, மூளை முதலா என்ற கேள்வி அந்த அளவுகோலில் ஏறவே இல்லை. மூளைப் படத்தைக் காட்டி 'பார், தியானம் உண்மை' என்று சொல்லும் எதிர்க்கட்சியும் இதே தப்பைத்தான் செய்கிறது.

எனக்கு இன்னும் பிடிபடாதது அந்த ஒரு நிமிஷம்தான். தண்ணீர் தொட்டதும் அலையை எண்ணியதும் ஒரே நிறுத்தத்தில் நடந்தன. மந்திரம் தனி, தொழிலறிவு தனி என்று மாலினோவ்ஸ்கி பிரித்தார். இந்த அண்ணனிடம் இரண்டையும் பிரித்து எடுக்க எனக்குத் தெரியவில்லை. அந்தச் சடங்கு இல்லாவிட்டால் அவர் அங்கே இன்ஜினைக் குறைத்திருப்பாரா? அதே சடங்கு கொடுத்த தைரியத்தில்தான் ஜாக்கெட் உள்ளே கிடந்ததா? திரும்பி வரும்போது கேட்கலாம் என்று இருந்தேன். முகத்துவாரம் வந்தது, அண்ணன் குனிந்தார், நானும் பேசாமல் ஒரு கைத் தண்ணீர் அள்ளினேன்.