பலதேவனுக்கு இரண்டு மறுமொழிகள்: மனோன்மணீயத்தில் வாணியும் மனோன்மணியும்

நாடக நூல்களைப் பாடமாக நடத்தும்போது ‘பாத்திரப் படைப்பு’ என்னும் பகுதி பெரும்பாலும் பண்புகளின் பட்டியலாகச் சுருங்கிவிடுகிறது. தலைவன் வீரமுடையவன், தலைவி தியாகி, அமைச்சன் சூழ்ச்சியாளன் என எழுதி, ஒவ்வொன்றுக்கும் இரண்டடி மேற்கோள் காட்டிவிட்டால் மதிப்பெண் உறுதி. பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை இயற்றிய மனோன்மணீயம் (1891) இவ்வழக்கத்தால் மிகுதியும் இழப்புற்ற நூலாகும். அதன் தமிழ்த்தெய்வ வணக்கத்தை அறியாத தமிழாசிரியர் இல்லை. ஐந்தாம் அங்கம் வரை நின்று படிப்போர் அரியர்.

பட்டியலிடும் இம்மனப்பான்மைக்கு மேடையிலேயே வேர் உண்டு. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) காலத்து நாடகக் குழுக்களில் நடிகர்கள் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் எனத் தாம் ஏற்ற ‘பார்ட்’டாலேயே அறியப்பட்டனர். பினாங்கிலும் இதே நிலைதான். பார்சி நாடகக் குழுக்களின் வருகையால் ஊக்கம் பெற்று, 1885இல் மாமாக் புஷி தொடங்கிய குழுவோடு வளர்ந்த பங்சாவான் மேடையில் ‘ஓராங் மூடா’ என்றால் தலைவன், ‘ஸ்ரீ பங்கோங்’ என்றால் தலைவி. திரை விலகியவுடனேயே இன்னார் இன்ன தன்மையர் என்று பார்வையாளர் அறிந்துகொள்வர். விடிய விடிய ஆடப்படும் நாடகத்திற்கு அந்த ஏற்பாடு தேவையே; அதனைக் குறைகூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆனால் மனோன்மணீயம் அத்தகைய மேடைக்காக எழுதப்பட்டதன்று. திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவம் பயிற்றிய ஒருவர், படித்துச் சுவைப்பதற்கென 5 அங்கங்களும் 20 களங்களுமாக, பெரும்பாலும் ஆசிரியப்பாவில் அமைத்த செய்யுள் நாடகம் அது. ‘பார்ட்’ என்னும் அளவுகோலால் அதனை அளப்பது பொருந்தாது.

கதையின் மூலம் லிட்டன் பிரபுவின் ‘இரகசிய வழி’ என்னும் ஆங்கிலக் கவிதை என்பது பலரும் அறிந்ததே. பாண்டியன் சீவகன் அமைச்சன் குடிலனின் சொற்கேட்டு மதுரையை விட்டு நெல்வேலியில் கோட்டை கட்டுகிறான். குலகுருவாகிய சுந்தர முனிவர் வரவிருக்கும் இடரை உணர்ந்து, கோட்டையிலிருந்து வெளியேற ஒரு சுருங்கை அமைக்கிறார். அரசன் மகள் மனோன்மணியும் சேரன் புருடோத்தமனும் ஒருவரையொருவர் கனவிலேயே கண்டு காதல் கொள்கின்றனர். நடராசனைத் தூதனுப்பி மணம் பேசுக என்கிறார் முனிவர். குடிலனோ தன் மகன் பலதேவனை அனுப்பச் செய்து, மணத் தூதைப் போர்த் தூதாக மாற்றிவிடுகிறான்.

இந்தப் பலதேவனைப் பற்றி ஆய்வாளர் அதிகம் எழுதுவதில்லை. எழுதுவதற்கு அவனிடம் பெரிதாக ஒன்றுமில்லை என்பதும் உண்மை. ஆயினும் நாடகத்தின் கட்டமைப்பில் அவனுக்கு ஒரு தனி இடம் உண்டு. இந்நாடகத்தில் அவன் இருமுறை மணமகனாக முன்னிறுத்தப்படுகிறான். முதலில் வாணிக்கு, பின்னர் மனோன்மணிக்கு. இரு முறையும் பேசுவோர் பெரியவர்களே. இரண்டு பெண்களும் தரும் மறுமொழிகள் நேர் எதிரானவை. நூலின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

வாணியின் தந்தை சகடன் பொருளாசையால் மகளைப் பலதேவனுக்குக் கொடுக்க விழைகிறான், அரசனிடமும் முறையிடுகிறான். வாணியின் உள்ளமோ நடராசனிடம் இருக்கிறது. அவள் இசைய மறுக்கிறாள். தந்தை சொல்லுக்கும் அரசன் செல்வாக்குக்கும் எதிரே நிற்கும் அம்மறுப்பை நாடகம் எவ்விடத்தும் குற்றமாகக் காட்டவில்லை. பிடிவாதக்காரி என்று அவளைச் சாடுவோர் உள்ளனர். ஆனால் நூலாசிரியரின் பரிவு முழுவதும் அவள் பக்கமே. தமிழ் நாடக மேடையில் 1891க்கு முன் இத்தகைய மறுப்பு இல்லையா என்றால், உண்டு. அல்லி கதை ஒன்றே போதும். ஆனால் அல்லி அரசி. அவள் கையில் வாள் உண்டு. வாணி அரண்மனையைச் சார்ந்து வாழும் ஒரு தோழி. அவளிடம் இருப்பது ‘மாட்டேன்’ என்ற சொல் மட்டுமே.

மனோன்மணியின் நிலை வேறு. போரில் தோற்றுக் கோட்டைக்குள் ஒடுங்கிய சீவகனிடம், மகளைச் சுருங்கை வழியே பாதுகாப்பாக அனுப்பிவிடுமாறு முனிவர் கூறுகிறார். அம்மறையைச் சீவகன் குடிலனிடமே சொல்லிவிடுகிறான். அன்றிரவே இளவரசியைப் பலதேவனுக்கு மணமுடித்து அனுப்பலாம் என்று குடிலன் வழி காட்டுகிறான். தந்தையின் துயர் கண்டு மனோன்மணி இசைகிறாள். கனவில் கண்டவனைப் பற்றி ஒரு சொல்லும் அவள் தந்தையிடம் கூறவில்லை.

இவ்விசைவைத்தான் நாம் ‘தன்னலமற்ற தியாகம்’ என்று பாடம் நடத்துகிறோம். ஜெலுத்தோங்கில் தமிழாசிரியர் சிலருடன் இறுதி இரண்டு அங்கங்களையும் வாய்விட்டுப் படித்தபோது ஓர் ஆசிரியை, “வாணியையும் பாராட்டுகிறோம், மனோன்மணியையும் பாராட்டுகிறோம். படிவம் ஐந்து மாணவி ஒருத்தி எழுந்து, அப்பா சொன்னால் நான் யாரைப் போல இருக்க வேண்டும் டீச்சர் என்று கேட்டால் என்ன சொல்வது?” என்றார். கூடத்தில் எவரும் உடனே விடை கூறவில்லை. திறனாய்வு எதிர்கொள்ள வேண்டிய வினா அது.

இவ்வினாவைத் தவிர்க்க ஓர் எளிய வழி உண்டு, அதுவே உருவகம். சீவகன் சீவன், குடிலன் மாயை, முனிவர் குரு, சுருங்கை மறைவான ஞானநெறி என்று கொண்டால் மனோன்மணியின் இசைவு ஒரு பெண்ணின் இசைவாகவே இராது. நூலாசிரியரே முகவுரையில் இத்தகைய வாசிப்புக்கு இடமளித்திருக்கிறார். கோடகநல்லூர் சுந்தர சுவாமிகளைக் குருவாகக் கொண்ட அவருக்கு அது இயல்பே. ஆனால் உருவகம் நாடகத்தின்மேல் போர்த்திய ஆடையாகவே நிற்கிறது. மாயைக்கு மகன் இருப்பதும், அம்மகனுக்கு மணம் தேடி அது அலைவதும் உருவகத்தில் அடங்கா.

நாடகச் செயல் என்ன சொல்கிறது என்று நோக்குவோம். மனோன்மணியின் இசைவு யாரையாவது காப்பாற்றியதா? இல்லை. நாடு மீண்டது அதனாலன்று. அவள் மீண்டதும் அதனாலன்று. சுருங்கையைக் கண்டுபிடித்த குடிலன், அதன் வழியே சென்று சேரனிடம் கோட்டையைக் காட்டிக்கொடுக்க முனைகிறான். சேரன் அவனை விலங்கிட்டு, அதே வழியே மணமண்டபத்துக்கு வந்து சேர்கிறான். குடிலன் அந்த ஓர் இரவு பொறுத்திருந்தால் மணம் நிறைவேறியிருக்கும். பாண்டியன் மருமகனாக அவன் மகன் அரியணையை நெருங்கியிருப்பான். பாத்திரங்களை உண்மை மாந்தராகப் பாவித்து, நூலில் இல்லாதவற்றை ஊகிக்கும் வழக்கத்தை எல். சி. நைட்ஸ் 1933இல் கடிந்துரைத்தார். இது அவ்வகை ஊகமன்று. ‘பொறுத்திருந்தால்’ என்ற வினாவை எழுப்புவது கதைப்பின்னலே. தலைவியைக் காத்தது அவளது தியாகமன்று. வில்லனின் அடங்காப் பேராசை. சுந்தரனார் இதனை எண்ணிச் செய்தாரா என்பது வேறு, செய்திருக்கிறார்.

சீவகனையும் இவ்வொளியில் காண வேண்டும். அவன் கொடியவனல்லன், மகள்மேல் கொண்ட அன்பும் மெய்யானது. அவனது குறை, கேட்கத் தகாதவனிடம் கேட்பது. நாராயணன் மூக்கில் கரி பூசி அவன்முன் வந்து, குன்றிமணியின் மூக்கிலுள்ள கருமையைச் சொன்ன குறளை நினைவூட்டிக் குடிலனைச் சுட்டுகிறான். அதற்குப் பின்னும் அரசனின் நம்பிக்கை மாறுவதில்லை. பின்னர், உண்மையாளனாகிய அந்த நாராயணனையே துரோகி எனக் கொண்டு தண்டிக்கத் துணிகிறான். இத்தகைய ஒருவன் கலங்கி நின்று கேட்கும்போது இசைவது மகளின் உயர்வா, தந்தையின் பிழைக்கு மகள் செலுத்தும் விலையா? நாடகம் இரண்டாவதையே காட்டுகிறது என்பேன். அவளது துயரத்தை மதிப்பது வேறு, அதனைப் பின்பற்றத்தக்க நெறியாக வகுப்பில் வைப்பது வேறு. வாணியை அருகே நிறுத்தாமல் மனோன்மணியை நடத்தும் ஆசிரியர் பாதி நாடகத்தையே நடத்துகிறார்.

இறுதிக் களத்தில் மணமண்டபம் கூடியிருக்கிறது. அரசன் இருக்கிறான், முனிவர் இருக்கிறார், பலதேவன் மணமகனாகக் காத்திருக்கிறான். புருடோத்தமன் தோன்றுகிறான். மனோன்மணி கனவில் கண்ட முகத்தை நனவில் காண்கிறாள். அவள் தந்தையை நோக்கவில்லை. எவருடைய இசைவையும் வேண்டவில்லை. மாலையோடு தானே சென்று அவனுக்குச் சூட்டுகிறாள்.