வசனத்தைக் குறைத்தவருக்கு வசனத்தால் ஓர் அஞ்சலி

ஓர் இயக்குநர் மறையும்போது ரசிகர்கள் எதைச் சொல்லி அழுகிறார்கள் என்று கவனித்தால், அவருடைய படங்களில் அவர்கள் எதைப் பார்த்தார்கள் என்பதும் தெரிந்துவிடும். 2019 ஏப்ரல் 2ஆம் நாள் இயக்குநர் மகேந்திரன் சென்னையில் காலமானார். அப்போது அவருக்கு வயது 79. அந்தமான் தமிழர்களாகிய நாம் அவருக்குச் செலுத்திய அஞ்சலியை இந்தக் கண்கொண்டு பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். நம் துக்கம் உண்மையானது, அதில் ஐயமில்லை. ஆனால் யாருக்காகத் துக்கப்பட்டோம் என்பதில்தான் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது.

சென்னையிலிருந்து கடலடி இணையக் கம்பி நம் தீவுகளுக்கு வந்தது 2020 ஆகஸ்டில்தான். அதற்கு முன் எல்லாம் செயற்கைக்கோள் வழி. படம் வருவதற்குள் பொறுமை போய்விடும் என்பது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். ஆகவே மகேந்திரன் மறைந்த அன்று போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) என் கைபேசிக்கு வந்து சேர்ந்தவை அனைத்தும் எழுத்துகளே. ‘முள்ளும் மலரும்’ காளி தன்னைக் கெட்டவன் என்று பெருமையடித்துக்கொள்ளும் வசனம், ‘உதிரிப்பூக்கள்’ சுந்தரவடிவேலு கடைசியாக ஊராரிடம் பேசும் வசனம், ‘தங்கப்பதக்கம்’ எஸ்.பி. சௌத்ரியின் மிடுக்கான பேச்சு. இவையே திரும்பத் திரும்ப வந்தன. நம் பிள்ளைகளோ, “தெறி பட வில்லன் தாத்தாவா இறந்துட்டாரு?” என்று கேட்டார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. 2016இல் வந்த அந்தப் படத்தில்தான் அவர்கள் அவரை முதன்முதலில் பார்த்தார்கள்.

இணையம் மெதுவாக இருந்ததால் மட்டும் இப்படி நடக்கவில்லை. வேகமான இணையம் உள்ள சென்னையிலும் வசனமே அதிகம் பரவியது. நம் ரசனையே அப்படி அமைந்துவிட்டது. நாடக மேடையிலிருந்து வந்த சினிமா நம்முடையது. பக்கம் பக்கமாக வசனத்தை மனப்பாடம் செய்து ஒப்பித்த தலைமுறை நம்முடையது. மகேந்திரனும் அந்த மரபிலேயே தொடங்கினார் என்பது கவனிக்கத்தக்கது.

1939இல் இளையான்குடியில் பிறந்தவர் அவர். முகவை, சிவகங்கைச் சீமையிலிருந்து கப்பலேறி வந்த நம்மில் பலருக்கு அது பக்கத்து ஊர். இயற்பெயர் அலெக்சாண்டர். எம்.ஜி.ஆர். அவரை அழைத்து ‘பொன்னியின் செல்வ’னுக்குத் திரைக்கதை எழுதச் சொன்னதும், 1974இல் சிவாஜி கணேசன் நடித்த ‘தங்கப்பதக்க’த்துக்கு அவர் கதை வசனம் எழுதியதும் பலரும் அறிந்ததே. கைதட்டல் வாங்கும் வசனம் எழுதத் தெரியாமல் அவர் வசனத்தைக் குறைக்கவில்லை. நன்றாகத் தெரிந்துதான் குறைத்தார். 1978இல் தாமே இயக்குநரானபோது வசனம் எங்கே தேவையில்லை என்பதைக் கண்டுபிடிக்கும் வேலையை அவர் எடுத்துக்கொண்டார்.

‘முள்ளும் மலரும்’ படத்தையே எடுத்துக்கொள்வோம். உமாசந்திரனின் நாவலைத் தழுவியது. ஒளிப்பதிவு பாலு மகேந்திரா. நாம் அனுப்பி மகிழும் காளியின் வசனத்தைப் படத்தில் யார் பேசுகிறான்? ஒரு கையை இழந்து, அதனால் வேலையையும் இழந்தவன் பேசுகிறான். அது அவமானத்தை மறைக்கப் போடும் சத்தம். காட்சியிலிருந்து வசனத்தை மட்டும் பிய்த்து எடுத்து, பக்கத்தில் ரஜினியின் ஸ்டைலான படத்தையும் ஒட்டிவிட்டால் அது சவடாலாகிவிடுகிறது. கையில்லாதவன் காணாமல் போய்விடுகிறான்.

அதே படத்தின் முடிவைப் பாருங்கள். ஊரே வள்ளியை அழைத்துக்கொண்டு அவள் கல்யாணத்துக்குப் போகிறது. காளி தனித்து நிற்கிறான். கூட்டத்தை விட்டு வள்ளி அண்ணனிடம் ஓடி வந்துவிடுகிறாள். முடிவு அங்கேயே ஆகிவிட்டது. அதற்குப் பிறகுதான் காளி பேசுகிறான். அப்போதும் எஞ்சினியரைத் தனக்கு இன்னும் பிடிக்கவில்லை என்கிறான். ஆனால் தங்கையை அவனிடமே ஒப்படைக்கிறான். வாய் ஒன்று சொல்ல, கை வேறொன்று செய்கிறது. மகேந்திரனின் கலை இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. வாய் சொன்னதை மட்டும் எழுதி அனுப்பினால் பாதிப் படத்தைத்தான் அனுப்புகிறோம்.

1979இல் வந்த ‘உதிரிப்பூக்க’ளுக்கும் இது பொருந்தும். புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யிலிருந்து தூண்டுதல் பெற்ற படம். தங்களையும் தன்னைப் போல ஆக்கிவிட்டதாகச் சுந்தரவடிவேலு ஊராரிடம் சொல்வதை நாம் நீதிமொழியாகப் பரப்புகிறோம். ஆனால் படம் அந்தப் பேச்சோடு முடியவில்லை. ஆற்றங்கரையில் மிஞ்சி நிற்கும் இரண்டு குழந்தைகளோடு முடிகிறது. நீதி கிடைத்துவிட்டதா, அல்லது இரண்டு அநாதைகள் உண்டாகிவிட்டார்களா? இந்தக் கேள்வியை எந்த வசனமும் கேட்கவில்லை. அசோக்குமாரின் காமிரா கேட்கிறது.

“வசனமும் அவர் எழுதியதுதானே, அதைச் சொல்வதில் என்ன தப்பு?” என்று நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. தப்பில்லை, போதாது என்கிறேன். இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 1978 முதல் 2006 வரை அவர் இயக்கியவை 12 படங்கள்தான். எல்லாம் ஒரே தரம் என்று நான் வாதாட மாட்டேன். பிந்தைய படங்கள் சிலவற்றில் பழைய இறுக்கம் இல்லை. ஆனால் அஞ்சலி செலுத்திய நாம் மூன்று நான்கு பெயர்களுக்கு மேல் சொல்லவே இல்லையே! பொன்னீலன் கதையைத் தழுவிய ‘பூட்டாத பூட்டுகள்’ (1980) எங்கே? அவருடைய கடைசிப் படமான ‘சாசனம்’ (2006) எங்கே?

குறிப்பாக ‘நண்டு’ (1981). சிவசங்கரியின் நாவல். லக்னோவிலிருந்து வரும் ஓர் இளைஞன், தமிழ்ப் பெண் ஒருத்தியை மணந்துகொள்ளும் கதை. பி.பி. ஸ்ரீனிவாஸ் எழுதி இளையராஜா இசையமைத்த இந்திப் பாடல்களைத் தமிழ்ப் படத்தில் கூச்சமின்றி வைத்தார் மகேந்திரன். கடைத்தெருவில் இந்தி, பக்கத்து வீட்டில் வங்காளம், அடுப்படியில் தமிழ் என்று வாழும் நம் தீவுக்காரர்களுக்கு இதைவிட நெருக்கமான படம் எது? ஆனால் அன்று என்னிடம் இதன் பெயரைச் சொன்னவர் ஒருவர்கூட இல்லை.

இதை வெறும் சினிமா விஷயம் என்று ஒதுக்க முடியாது. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இத்தீவுகளில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் ஏறக்குறைய 15 விழுக்காடு. அவர்களின் பிள்ளைகளில் பலர் வீட்டில் தமிழ் பேசுவார்கள், ஆனால் வாசிக்கத் திணறுவார்கள். நாம் வசனத்தை மட்டுமே சொத்தாகக் கொடுத்தால், அது அவர்களுக்குத் திறக்கத் தெரியாத பெட்டி. தாத்தா உணர்ச்சி பொங்க வசனம் சொல்வார். பேரன் மரியாதைக்குச் சிரித்து வைப்பான். ஆனால் வள்ளி திரும்பி ஓடிவரும் அந்த இடத்தைப் பார்க்க எழுத்துக்கூட்டத் தேவையில்லை.

அதற்காக, படம் தானே எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். ஓர் அண்ணனின் சம்மதத்துக்கு ஏன் இவ்வளவு மதிப்பு, ஊர் ஏன் ஒருவனை ஆற்றுக்கு அழைத்துப் போகிறது, லட்சுமி ஏன் புருஷனை எதிர்த்து ஒரு சொல்லும் பேசவில்லை என்பதெல்லாம் பிள்ளைகளுக்குப் புரியாது. கேட்பார்கள். “இது சரியா?” என்றும் கேட்பார்கள். அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும்போது நாம் நம் ஊரைப் பற்றி, குடும்பத்தைப் பற்றி, அங்கே நாம் விட்டுவிட்டு வந்த நல்லதையும் கெட்டதையும் பற்றிப் பேச வேண்டியிருக்கும். அந்தப் பேச்சு தமிழில்தான் நடக்கும்.

ஆகவே சங்கத்தாருக்கும் பெற்றோருக்கும் என் வேண்டுகோள் இது. பொங்கல் விழாவுக்கு வரும் பட்டிமன்றமும் பாட்டும் இருக்கட்டும். ஆண்டில் ஒருநாள், ஒரு மாலை, மகேந்திரனின் ஒரு படத்தை முழுதாகத் திரையிடுவோம். பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து உட்காரட்டும். படம் முடிந்ததும் உடனே மைக்கைப் பிடிக்காமல், பிள்ளைகளை முதலில் பேசவிடுவோம். ‘நண்டு’விலிருந்தே தொடங்கலாம் என்பது என் யோசனை.