கேமராவைக் கடைசியாகத் தேர்ந்தெடுப்போம்

உத்திரமேரூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஒரு பெரியவர் காலமானால், பந்தல் போடும் ஆள் வருவதற்குள் வீட்டுப் பையன் ஒருவன் ஃப்ளெக்ஸ் கடைக்கு ஓடுவான். அவன் கொண்டுபோகும் படம் பெரும்பாலும் ஆதார் அட்டையிலிருந்து மொபைலில் பிடித்ததாக இருக்கும். இல்லாவிட்டால், உறவினர் கல்யாணத்தில் ஓரமாக நின்றதை வெட்டியெடுத்ததாக இருக்கும். அந்த வீட்டில் மூன்று நான்கு ஸ்மார்ட்போன்கள் உண்டு. அவற்றில் ஆயிரக்கணக்கில் படங்களும் உண்டு. இருந்தும் நாலடி பேனரில் பெரியவரின் முகம் மங்கி, கட்டம் கட்டமாகத் தெரியும். கூடவே வாழ்ந்த மனிதரை வீட்டார் ஒழுங்காக ஒரு படம்கூட எடுத்துவைக்கவில்லை என்பதை அந்த பேனர் ஊருக்கே சொல்லிவிடுகிறது. படம் எடுப்பதில் நமக்குக் குறைவில்லை. எடுத்த படம் எங்கே போய்ச் சேரவேண்டும் என்ற யோசனைதான் குறைவு. குடும்பத்துக்கென்று முதன்முதலாகக் கேமரா வாங்குகிறவர்கள் தேர்ந்தெடுக்கும் முறையிலும் இதே கோளாறு இருக்கிறது.

ஒரகடத்துக்கோ ஸ்ரீபெரும்புதூருக்கோ கம்பெனி பஸ் ஏறி ஷிஃப்ட் வேலைக்குப் போகும் இளைஞருக்கு முதல் குழந்தை பிறக்கிறது. காதுகுத்துக்குள் நல்ல கேமரா ஒன்று வாங்கிவிட வேண்டும் என்று ஆசைப்படுகிறார். எத்தனை மெகாபிக்சல், ஜூம் எவ்வளவு தூரம் போகும், எந்த பிராண்டு என்று கேட்கிறார். கடையில் கேமரா பாடியோடு 18-55 மி.மீ. லென்ஸ், 55-250 மி.மீ. லென்ஸ், பை, ட்ரைபாட், ஃபில்டர் எல்லாம் சேர்ந்த காம்போவைக் காட்டுகிறார்கள். தவணையில் வாங்கிய அந்தப் பெட்டி, தவணை முடிவதற்குள்ளேயே பல வீடுகளில் பீரோ மேல் ஏறிவிடுகிறது. அவருடைய ஆசையில் குற்றம் இல்லை. கேள்விகளின் வரிசையில்தான் குற்றம். பாடியில் தொடங்கி, லென்ஸுக்கு வந்து, வெளிச்சத்தை மறந்து, படத்தைப் பாதுகாப்பது பற்றிக் கேட்காமலே அந்த வரிசை முடிந்துவிடுகிறது. இதைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். படம் எங்கே இருக்கப்போகிறது, எந்த வெளிச்சத்தில் எடுக்கப்போகிறோம், யார் எடுக்கப்போகிறார்கள் என்ற மூன்றுக்கும் விடை கண்ட பிறகு கேமராவிடம் வந்தால் செலவும் குறையும், படமும் மிஞ்சும்.

முடிவிலிருந்து தொடங்கச் சொல்வதற்கு வரலாற்றில் சான்று இருக்கிறது. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், அழியும் நிலையிலுள்ள ஆவணங்களுக்கான பிரிட்டிஷ் நூலகத் திட்டத்தின் துணையோடு, தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களின் பழைய படங்களைத் தேடி டிஜிட்டலாக்கியது. 1880 முதல் 1980 வரையிலான நூறாண்டுக் காலத்து முகங்கள் இன்று நமக்குக் கிடைப்பதற்குக் காரணம், அவை கையால் தொடக்கூடிய பொருளாக எங்கோ ஓரிடத்தில் இருந்ததுதான். உதகையில் 1960-இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், ‘இந்து’ என்ற பெயரில் ஃபிலிம் விற்ற காலத்தில், சதுரப் படம் எடுக்கும் கேமராவில் ஒரு 120 ரோலுக்குப் பன்னிரண்டு படங்கள்தான் விழும். எண்ணி எடுத்தார்கள், எடுத்ததைக் கழுவிப் பிரிண்ட் போட்டார்கள், வாசற்படிக்கு மேலே சட்டம் போட்டு மாட்டினார்கள். அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று நான் சொல்லமாட்டேன். ஸ்டூடியோவுக்குப் போகக் காசில்லாத கூலிக் குடும்பங்களில் ஒரு தலைமுறையே படம் இல்லாமல் மறைந்திருக்கிறது. படம் வைத்திருந்த வீடுகளிலும், வரைந்த திரைக்கு முன்னால் விறைப்பாக நின்ற முகங்களே மிஞ்சின. சிரிப்பும் சமையலும் அழுகையும் அதில் இல்லை. டிஜிட்டல் கேமரா இந்த இரண்டு குறைகளையும் ஒரேயடியாகத் தீர்த்தது. அது சின்ன சாதனை அல்ல. ஆனால் ஃபிலிம் கட்டாயப்படுத்திய ஒரு நல்ல பழக்கத்தையும், அதாவது எடுத்ததைக் காகிதத்துக்குக் கொண்டுவருவதையும், அது நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டது.

படத்தின் போக்கிடம் தெரிந்தால், மெகாபிக்சல் கேள்வி கணக்கிலேயே தீர்ந்துவிடும். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தால், 4×6 பிரிண்டுக்கு 1200×1800 பிக்சல் போதும். அதாவது 22 லட்சம். ஆல்பத்தில் விரியும் 12×18 அளவுக்குக்கூட இரண்டு கோடிக்குச் சற்றுக் குறைவு. இன்று சந்தையில் உள்ள சாதாரணக் கேமரா 24 மெகாபிக்சல், அதாவது 2 கோடியே 40 லட்சம். பத்தாண்டுக்கு முந்தைய பாடியிலும் பெரும்பாலும் இதே அளவுதான். எனவே அந்த எண்ணுக்காக ஒரு ரூபாயும் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை. சேதம் நடப்பது வேறிடத்தில். வாட்ஸ்அப்பில் சாதாரணத் தரத்தில் அனுப்பும் படம் நீளவாக்கில் ஏறத்தாழ 1600 பிக்சலுக்குச் சுருங்கிவிடுகிறது. மூலப்படம் பழைய போனோடு போய்விட, சுருங்கிய பிரதி மட்டும் குடும்ப குரூப்பில் தங்குகிறது. ஃப்ளெக்ஸ் கடையில் உடைந்து தெரிவது அந்தப் பிரதிதான். கூகுள் போட்டோஸ் இருக்கிறதே என்பார்கள். 2021 ஜூன் 1 முதல் அங்கே வரம்பில்லாத இலவச இடம் கிடையாது. மின்னஞ்சலும் சேர்த்து 15 ஜி.பி.தான். ஒரு படம் 8 எம்.பி. என்று கொண்டால், இரண்டாயிரம் படங்களுக்குள் நிறைந்துவிடும். ஆகவே முதல் பட்ஜெட்டிலேயே ஒரு ஹார்ட் டிஸ்க்குக்கும், ஆண்டுக்கு ஒருமுறை பிரிண்ட் போடுவதற்கும் பணம் ஒதுக்காதவர், கேமராவில் பாதியைத்தான் வாங்கியிருக்கிறார்.

போனே போதாதா என்ற மறுப்பு நியாயமானது. வெயில் வெளிச்சத்தில் போன் எடுக்கும் படத்தைக் குறை சொல்வது கடினம். உத்திரமேரூர் வைகுந்தப்பெருமாள் கோயிலின் கல்வெட்டுச் சுவர் முன்னால் குடும்பம் முழுவதையும் நிறுத்தி எடுப்பதற்கும், வயல்வரப்பில் பிள்ளைகளை எடுப்பதற்கும் போன் தாராளமாகப் போதும். எப்போதும் கையில் இருக்கிறது என்ற ஒரு குணத்தில் எந்தக் கேமராவும் அதை வெல்ல முடியாது. அதன் குறைகள் முகத்தை நெருங்கும்போது தெரிகின்றன. பெரும்பாலான போன்களின் முதன்மை லென்ஸ் 24 மி.மீ.யை ஒட்டிய அகலப் பார்வை கொண்டது. கிட்டத்தில் வைத்து எடுத்தால் மூக்கு பெரிதாகும், காது பின்வாங்கும். பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் வசதி, கணக்குப்போட்டு ஓரங்களை வெட்டுவதால், பாட்டியின் கூந்தலோரமும் தலையில் வைத்த மல்லிகைச் சரமும் பாதி கரைந்துபோகும். இவற்றையும் விட என்னை வருத்துவது, பல போன்கள் கேட்காமலே தோலை வழவழப்பாக்கி வெளுப்பாக்குவதுதான். நம் மண்ணின் நிறத்தில் பிறந்த குழந்தை, தன் முதல் படத்திலேயே வேறு நிறத்தோடு பதிவாவதை எந்தப் பெற்றோரும் ஏற்கக்கூடாது. ஸ்டூடியோக்காரர்கள் பவுடரும் டச்சிங்கும் கொண்டு செய்த வேலையை இப்போது இயந்திரம் செய்கிறது. அந்த வசதியை அணைத்துவைப்பது, புதுக் கேமரா வாங்குவதற்கும் முன்னால் செய்யவேண்டியது.

உண்மையான சோதனை வீட்டுக்குள், விளக்கு வைத்த பிறகு. கம்பெனி வேலைக்குப் போகிறவர் தன் பிள்ளையைப் பார்க்கும் நேரமே அதுதான். ஒற்றை டியூப்லைட், ஓட்டுக்கூரை, ஓரிடத்தில் நிற்காத குழந்தை. காம்போவில் வரும் 18-55 லென்ஸ், 55 மி.மீ.-இல் எஃப் 5.6 வரைதான் திறக்கும். எஃப் 1.8 வரை திறக்கும் லென்ஸ் அதைவிட ஏறத்தாழ பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். முன்னது ஒரு வினாடியில் 15-இல் ஒரு பங்கு நேரம் கேட்கும் இடத்தில், பின்னதற்கு 150-இல் ஒரு பங்கு போதும். கை தட்டும் குழந்தையின் கை முதல் படத்தில் புகையாகும்; இரண்டாவதில் விரல்கூடத் தெரியும். ஒரே பாடியில் இவ்வளவு வித்தியாசம் வருகிறது என்பதே, லென்ஸுக்குப் பிறகுதான் பாடி என்ற என் வாதத்துக்கு வலுவான ஆதாரம். ஆனால் எல்லாரும் பரிந்துரைக்கும் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸை நான் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைக்கமாட்டேன். தொடக்கநிலை கேனான் பாடியில் அதை மாட்டிப் பத்தடி தள்ளி நின்றால், பிடிபடும் அகலம் நாலரை அடிதான். நம் கூடத்தில் அதற்குமேல் பின்னால் போனால் சுவர் இடிக்கும். நிக்கானின் சிறிய சென்சார் பாடிகளுக்கான 35 மி.மீ. எஃப் 1.8 லென்ஸில் அதே பத்தடிக்கு ஆறரை அடிக்கு மேல் பிடிபடும். தாயும் பிள்ளையும் பாட்டியும் அடங்குவார்கள். செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நிக்கானின் பழைய ‘டி’ வகை லென்ஸ்கள் மலிவாகக் கிடைக்கும். ஆனால் டி3500 போன்ற பாடிகளில் மோட்டார் இல்லாததால் அவை தானாக ஃபோகஸ் ஆகாது.

பாடிக்கு மதிப்பே இல்லையா என்று கேட்கலாம். ஒரு விஷயத்தில் இருக்கிறது. எஃப் 1.8-இல் கூர்மையாகத் தெரியும் ஆழம் மிகக் குறைவு. கண்ணில் விழவேண்டிய ஃபோகஸ் காதில் விழுந்துவிடும். புதிய மிரர்லெஸ் கேமராக்கள் கண்ணைத் தாமாகவே கண்டுபிடித்துத் தொடர்கின்றன. ஓடும் பிள்ளையை எடுக்க இது பெரிய உதவி. கூடுதல் பணம் கொடுக்கத் தகுந்த ஒரே பாடி வசதி இதுதான். அதற்குப் பணம் இல்லாதவர், நல்ல நிலையிலுள்ள பழைய டிஎஸ்எல்ஆரும் எஃப் 1.8 வரை திறக்கும் ஒரு லென்ஸும் வாங்கினால், புதுக் காம்போவைவிட வீட்டுக்குள் நல்ல படம் எடுப்பார். பத்துப் பேர் இரண்டு வரிசையாக நிற்கும்போது எஃப் 1.8 உதவாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும், பின்வரிசை மங்கிவிடும். அதற்கு எஃப் 8 வைத்துப் பகலில் எடுப்பதே வழி. திண்ணை உள்ள வீட்டில் அதற்கென்று தனி ஸ்டூடியோ தேவையில்லை. கூரை நிழலில் உட்கார்ந்து தெருவைப் பார்க்கும் முகத்தில் விழும் வெளிச்சத்தைக் காசு கொடுத்து வாங்க முடியாது.

பெரிய ஜூமுக்காக வாதாடுபவர்கள் பள்ளி ஆண்டு விழாவைச் சொல்கிறார்கள். மேடை இருட்டில் 55-250 லென்ஸ் முழு நீளத்தில் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. ஆண்டுக்கு ஓரிரவுக்காக அதை வாங்குவது வீண். முன்வரிசையில் இடம் பிடிப்பது அதைவிடப் பலன் தரும். விசேஷத்துக்கு ஸ்டூடியோக்காரர் வருவாரே என்பது இன்னொரு மறுப்பு. வளைகாப்புக்கும் மஞ்சள் நீராட்டுக்கும் அவரையே அழைக்க வேண்டும். அது அவர் தொழில், அவர் பிழைப்பும்கூட. ஆனால் சொர்ணவாரி அறுவடை முடிந்து நெல் காயும் முற்றத்தில் தாத்தா பேரனுக்குக் கோணி மடிக்கச் சொல்லித்தரும் பொழுதை எடுக்க அவரை யாரும் அழைப்பதில்லை. வீட்டுக் கேமராவின் இடம் அங்கேதான்.

துணைக்கருவிகளைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. காம்போவில் வரும் மெல்லிய ட்ரைபாடும் மலிவு ஃபில்டரும் வேண்டாம். ஒரு கூடுதல் பேட்டரி, நம்பகமான கடையில் வாங்கிய மெமரி கார்டு இரண்டு போதும். ஃப்ளாஷைக் கூரையில் அடித்து எடுக்கச் சொல்வது வெள்ளையடித்த மெத்தை வீட்டுக்குத்தான் பொருந்தும்; ஓட்டுக்கூரை வெளிச்சத்தை விழுங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பைக்குள் பூட்டிய லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்தால் பிழைக்கும். பழைய லென்ஸ் வாங்கும்போது டார்ச் அடித்துப் பார்த்தால், உள்ளே நூல்போலப் படர்ந்த பூஞ்சை தெரிந்துவிடும்.

கடைசிக் கேள்விதான் யாரும் கேட்காதது: யார் எடுப்பார்? வாங்கியவரே எடுத்தால் எந்தப் படத்திலும் அவர் இருக்கமாட்டார். போனில் எடுக்கும் வீடுகளில் பெரும்பாலும் தாய்தான் எடுக்கிறார். அதனால் பிள்ளையின் படங்களில் தாயே இல்லை. கனமான பாடி வாங்கி, மெனுவைத் தான் மட்டும் கற்றுக்கொண்டு, மற்றவர்கள் தொடக்கூடாது என்று வைத்திருக்கும் குடும்பத் தலைவர் இந்தக் குறையை இரட்டிப்பாக்குகிறார். கடையில் கேமராவை முதலில் மனைவியின் கையிலும் பத்து வயதுப் பிள்ளையின் கையிலும் கொடுத்துப் பாருங்கள். பிடிப்பு ஒத்துவராவிட்டால், எவ்வளவு பெயர்பெற்ற மாடலானாலும் அது உங்கள் வீட்டுக்கு உரியதல்ல.

என் தீர்ப்பு இது: முதன்முதலாகக் கேமரா வாங்கும் குடும்பத்துக்கு எஃப் 1.8 வரை திறக்கும் லென்ஸ் ஒன்று, எளிய பாடி ஒன்று, ஹார்ட் டிஸ்க் ஒன்று, ஆண்டுக்கு ஓர் ஆல்பம் போதும். இப்போது வாங்க வசதி இல்லாதவர்கள், இந்தப் பொங்கலுக்குள் போனிலுள்ள படங்களிலிருந்து வீட்டுப் பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒன்று என்று தேர்ந்தெடுத்து, வாட்ஸ்அப் வழியாக இல்லாமல் மூலக் கோப்பையே ஸ்டூடியோவில் கொடுத்துப் பிரிண்ட் போடுங்கள். பால்பாயிண்ட் பேனாவால் படத்தின் பின்னால் அழுத்தி எழுதினால் முன்பக்கம் தழும்பு விழும். ஆல்பத்தின் தாளில், படத்துக்குக் கீழே, பெயரையும் ஊரையும் ஆண்டையும் எழுதிவையுங்கள்.