கடற்கரை கண்ட காதல் அடுக்களை கண்டதா?

கடலைப் பாடினர் புலவர். கரையில் உலவும் காதலரைக் காட்டினர் கலைஞர். நெய்தல் நிலமும், புன்னை நிழலும், நிலவு பொழியும் மணற்பரப்பும் நம் இலக்கியத்திலே நீங்கா இடம் பெற்றன. பெறட்டும், மகிழ்ச்சியே! ஆனால், கரைக்குச் சென்ற இருவரும் வீடு திரும்பினரே, திரும்பிய பின் என்ன ஆயிற்று? உப்புக் காற்றிலே பிசுபிசுத்த உடைகளைத் துவைத்தவர் யார்? மறுநாள் விடியலில் அடுப்பை மூட்டிய கை எது? இந்தக் கேள்வியைக் கேட்ட காவியம் எத்தனை? படம் எத்தனை? விரல்விட்டு எண்ணிவிடலாம்!

சில்லறைக் கேள்வி என்று தள்ளிவிடாதீர், தோழர்களே! சென்னையின் தென்பகுதியைச் சற்றே நோக்குங்கள். அடையாற்றிலும் மயிலையிலும் தியாகராய நகரிலும் வாழும் இளந் தம்பதியர், விடுமுறை கிடைத்ததும் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே மாமல்லபுரம் செல்கின்றனர். வசதி படைத்தோர் புதுவை வரை சென்று, இரண்டு நாள் விடுதியில் தங்கி வருகின்றனர். வசதியற்றோர் 29சி பேருந்தில் ஏறி, பெசன்ட் நகர்க் கடற்கரையிலே சுண்டல் பொட்டலத்தோடு மாலைப் பொழுதைக் கழிக்கின்றனர். போகும்போது இருவரும் இணையர். அலையிலே கால் நனைக்கும்போதும் இணையர். ஞாயிறு இரவு வீட்டுக் கதவு திறக்கிறது, திங்கள் விடிகிறது. கரையிலே ‘கண்ணே!’ என்றவன், ‘காப்பி எங்கே?’ என்கிறான்! ஒரே இரவில் இணையர் மறைந்து, எசமானனும் பணிப்பெண்ணும் தோன்றிவிடுகின்றனர்.

இந்தத் திங்கட்கிழமையை நம் இலக்கியம் எப்படிக் கண்டது? மூன்று படைப்புகளை எடுத்துக்கொண்டு ஆராய்வோம்.

முதலாவது, சிலப்பதிகாரம். புகார் நகரிலே இந்திர விழா நிறைவுறுகிறது. மக்கள் கடலாடச் செல்கின்றனர். கோவலன் கோவேறு கழுதைமீதும், மாதவி வண்டியிலுமாகப் புறப்படுகின்றனர். புன்னை நிழலிலே திரை கட்டி, மேலே விதானம் விரித்து, கட்டிலும் இட்டாயிற்று. யாழ் மீட்டிப் பாடுகிறான் கோவலன். அவன் உள்ளத்தில் வேறொருத்தி இருப்பாளோ என்று ஐயுறுகிறாள் மாதவி. அவளும் யாழை வாங்கிப் பாடுகிறாள். அவள் உள்ளத்தில் வேறொருவன் இருப்பதாக முடிவே கட்டிவிடுகிறான் அவன். ஏவலர் சூழ எழுந்து போய்விடுகிறான். அவள் தன்னந்தனியாக வண்டியேறி வீடு சேர்கிறாள்.

கானல்வரி என்றாலே யாழையும் அலையையும் பேசுவோர் உண்டு. அந்த வண்டியைப் பற்றிப் பேசுவோர் யார்? ஆணின் ஐயம் தீர்ப்பாகிவிட்டது. பெண்ணின் ஐயம் பாட்டாகவே நின்றுவிட்டது. ஆண் எழுந்து நடந்தால் அது முடிவு; பெண் மடல் எழுதி அனுப்பினால் அது நடிப்பு! வசந்தமாலை கொண்டு சென்ற மடலைக் கோவலன் ஏற்க மறுத்தான் அல்லவா? கடற்கரையில் தெரிந்த சமத்துவம், திரும்பும் வழியிலேயே உடைந்து சிதறியதை மறைக்காமல் காட்டினார் இளங்கோ. அது அவருடைய நேர்மை.

இக்காட்சியில் இல்லாத ஒருத்தியையும் நாம் மறக்கலாகாது. அவளே கண்ணகி! கணவன் கடலாடிய நாளிலே அவள் வீட்டில் இருந்தாள். கணவனை மீண்டும் அடையக் காவிரி கடலோடு கலக்குமிடத்தில் உள்ள குளங்களில் நீராடிக் காமன் கோயிலைத் தொழுமாறு தோழி தேவந்தி சொல்கிறாள். அதுவும் ஒரு கடற்கரைப் பயணமே! அது பெருமை தரும் செயலன்று என்று மறுத்துவிடுகிறாள் கண்ணகி. குளத்தில் முழுகினால் குடும்பம் சீர்ப்படும் என்ற பேச்சைத் தள்ளிய அந்தத் துணிவைப் பாராட்டுகிறோம்.

ஆனால், அடுத்து நடந்தது என்ன? கோவலன் திரும்பி வருகிறான். பொருளெல்லாம் தொலைந்ததே என்று நாணுகிறான். பொருளின்றித்தான் வருந்துகிறான் என்றெண்ணி, சிலம்பு இருக்கிறது, கொள்ளுங்கள் என்கிறாள் அவள். ‘இத்தனை நாள் எங்கிருந்தீர்?’ என்ற ஒரு கேள்வி உண்டா? இல்லை. விடியுமுன் மதுரைக்குப் பயணம்! பாண்டியன் அவையிலே நீதி கேட்டு முழங்கிய அந்த நாவு, தன் வீட்டு முற்றத்திலே முழங்கவில்லை. அரசனைக் கேள்வி கேட்கும் பெண்ணைப் படைக்க முடிந்த காவியத்தால், கணவனைக் கேள்வி கேட்கும் பெண்ணைப் படைக்க முடியவில்லை.

1968-ஆம் ஆண்டு, இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டின்போது, மெரினாக் கடற்கரையிலே கண்ணகிக்குச் சிலை எழுப்பினோம். 2001-இல் அது அகற்றப்பட்டபோது கொதித்தெழுந்தோம். 2006-இல் மீண்டும் நிறுவப்பட்டபோது மகிழ்ந்தோம். கையில் சிலம்பேந்தி நிற்கிறாள் கண்ணகி. கடலாடச் செல்லாதவளுக்குக் கடற்கரையிலே சிலை! கடலாடித் தனியே திரும்பிய மாதவிக்கு அக்கரையிலே சிலை இல்லை. காத்திருந்தவளைப் போற்றுகிறோம், கைவிடப்பட்டவளை மறக்கிறோம். இருவரையும் அந்த நிலைக்கு ஆளாக்கியவனை மட்டும், ஊழ்வினையால் கெட்டவன் என்று இரங்கி விட்டுவிடுகிறோம். பகுத்தறிவுக்கு இது அழகா?

இரண்டாவது, பாவேந்தரின் குடும்ப விளக்கு. அதே 1968-இல் அதே கடற்கரையில் சிலை பெற்றவர் பாரதிதாசன். அழகின் சிரிப்பில் கடலைப் பாடியவர் அவர். புதுவைக் கடலோரத்தில் வாழ்ந்தவர். அப்பாவலர், 1942-இல் வெளிவந்த குடும்ப விளக்கின் முதற் பகுதியிலே, ஒரு பெண்ணின் ஒரு நாளை வைகறை முதல் இரவு வரை பாடினார். அரசனையும் போர்க்களத்தையும் விட்டுவிட்டு அடுக்களையைக் கவிதைக்குப் பொருளாக்கினார்! அது புரட்சியே; ஐயமில்லை.

இருந்தும் அந்த நாளை எண்ணிப் பாருங்கள். பெருக்குகிறாள், கோலமிடுகிறாள், குழந்தைகளைக் குளிப்பாட்டுகிறாள், சமைக்கிறாள், தைக்கிறாள். கணவன் உண்ணும் நேரத்தில் கடையிலும் அமர்ந்து வாணிகம் செய்கிறாள். இவ்வளவும் செய்துவிட்டு, பொதுநலத்துக்கு இன்று என்ன செய்தோம் என்று இரவிலே ஏங்குகிறாள்! அப்பொழுதும் களைப்பு என்ற சொல் அவள் வாயிலிருந்து வரவில்லை. சமையலும் வீட்டு வேலையும் பெண்களுக்கே உரியவை என்பது சரியில்லை, ஆடவரும் அவற்றை ஏற்கும் நாள் எந்நாள் என்று அதே நூலில் கேட்டவரும் பாவேந்தரே. கேள்வியைக் கேட்டார், ஆடவனின் கையிலே அகப்பையைக் கொடுத்து ஒரு முழு நாளைப் பாடிக் காட்டவில்லை. விளக்கு எரிந்தது, எண்ணெய் வார்க்கும் பொறுப்பும் விளக்கின் தலையிலேயே விழுந்தது!

மூன்றாவது, திரைப்படம். 2000-இல் வெளிவந்தது மணிரத்னத்தின் அலைபாயுதே. பெயரிலேயே அலை இருக்கிறது. ஆனால் அப்படம் காதலோடு நின்றுவிடவில்லை. கலியாணத்துக்குப் பின் வரும் நாள்களைக் காட்டத் துணிந்தது. கட்டி முடிக்கப்படாத கட்டடத்திலே குடித்தனம். அவன் கணிப்பொறித் துறையில். அவளோ மருத்துவம் படித்தவள். சிறு சிறு பூசல்கள், சினம், மௌனம். இதுவரை உண்மை பேசிய படம், முடிவுக்கு வரும்போது என்ன செய்தது? ஒரு கார் மோதுகிறது. மருத்துவமனைப் படுக்கையிலே அவள் கிடக்க, அவன் கலங்கிக் கண்ணீர் வடிக்க, உறவு மலர்கிறது. விபத்து நேராதிருந்தால்? வீட்டிலே எழுந்த சிக்கலுக்கு வீதியிலே தீர்வு தேடலாமா? கண் விழித்து அவள் வீடு திரும்பிய மறுநாள் காலையை நாம் காணவில்லை.

மூன்று படைப்புகளையும் ஒருங்கே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். கடற்கரை நாள்கள் ஏன் இனிக்கின்றன? நிலவின் மாயமா? நீலத்தின் மயக்கமா? அந்த இரண்டு நாளும் அவள் அவனுக்குச் சமைக்கவில்லை. அவன் தட்டை அவள் கழுவவில்லை. இருவருக்கும் ஓய்வு ஒரே அளவு. ஆகவே பேச நேரம் இருந்தது. பேசியதால் அன்பு மலர்ந்தது. அலையைப் புகழ்ந்தது போதும். அடுப்பில்லாமையின் அருமையை உணர்வோம். அந்த அடுப்பும் அணைந்துவிடவில்லை. விடுதியின் பின்கட்டிலே வேறோர் ஏழைத் தோழரின் கையிலே எரிந்தது என்பதையும் மறவோம்.

புள்ளிவிவரமும் இதையே பேசுகிறது. 2019-இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் இந்தியா முழுதும் நடத்திய ஆய்வின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையிலே ஈடுபடும் பெண்கள் நாள்தோறும் அதற்குச் சராசரியாக 299 நிமிடம் தருகின்றனர். ஈடுபடும் ஆண்கள் தருவது 97 நிமிடம். அந்த 97 நிமிடம் தருவோரும் ஆண்களில் நூற்றுக்கு 26 பேர்தாம்! ஏறத்தாழ ஐந்து மணி நேரம் அடுக்களைக்கும் துவைகல்லுக்கும் தந்துவிட்டவளிடம், கடற்கரையில் கண்ட சிரிப்பு எங்கே என்று கேட்பது கொடுமையன்றோ?

எழுதும் தோழர்களே, அலைக்கரையில் கதையை முடிக்காதீர்கள். வீட்டுக் கதவு திறக்கும் நொடியிலிருந்து தொடங்குங்கள். மணல் ஒட்டிய துணி மூட்டையை யார் அவிழ்த்தார் என்று எழுதுங்கள். மடலை மறுக்காத கோவலனைப் படையுங்கள், ‘எங்கிருந்தீர்?’ என்று கேட்கும் கண்ணகியைப் படையுங்கள்.

படிக்கும் இளைஞர்களே, அடுத்த முறை மாமல்லபுரத்திலிருந்தோ பெசன்ட் நகரிலிருந்தோ திரும்பும்போது, சிப்பியைப் பொறுக்கி வருவதோடு நின்றுவிடாதீர்கள். அங்கே இருவரும் ஒரே அளவாய் நுகர்ந்த ஓய்வையும் கொண்டு வாருங்கள். திங்கட்கிழமை காலையில் காப்பியை நீங்கள் போடுங்கள்!