சம்பளம் வேறிடத்தில், உயிர் மேடையில்

பூர்ணம் விஸ்வநாதனின் நடிப்பில் என்னை முதலில் கட்டிப்போடுவது அவர் குரல்தான். தில்லி வானொலியில் செய்தி வாசித்தவர் அவர். 1947இல் நாடு விடுதலை பெற்ற செய்தியைத் தமிழில் வாசித்த குரல் அது. செய்தி வாசிப்பவர் எவ்வளவு பெரிய சேதியானாலும் நெகிழ்ந்துவிடக் கூடாது. வாக்கியத்தின் கடைசிச் சொல்லை விழுங்கவும் கூடாது. வேலையில் படிந்த அந்தக் கட்டுப்பாடு மேடையில் அவருக்குப் பெரும் சொத்தாயிற்று. கோபமோ துக்கமோ, சொல் முழுசாக வந்து விழும். உணர்ச்சி அதற்குப் பின்னால் மெதுவாக வரும்.

எழுத்தாளர் சுஜாதாவின் ‘கடவுள் வந்திருந்தார்’ நாடகத்தின் சீனிவாசன் அவருக்கென்றே வாய்த்த பாத்திரம். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற நடுத்தரக் குடும்பத்து மனிதர். எதிர்காலத்திலிருந்து வந்த ஜோ அவர் கண்ணுக்கு மட்டும் தெரிகிறான். படிக்க எளிது, நடிப்பது கடினம். ஜோ மேடையில்தான் நிற்கிறான், நமக்கும் தெரிகிறான். மனைவி, மகள், அண்டை அயல் எல்லோருடைய பார்வையும் அவனைத் தாண்டிப் போக வேண்டும். ஒருவர் கண் ஒரு நொடி அவன்மேல் நின்றால் நாடகமே கலைந்துவிடும். சீனிவாசனோ ஜோவுக்கும் வீட்டாருக்கும் மாறிமாறிப் பதில் சொல்ல வேண்டும். அந்த மாற்றத்தைக் குரலின் ஏற்ற இறக்கத்திலேயே காட்டுவதுதான் வித்தை. நடித்தவரைப் போலவே நாடகத்தை எழுதிய சுஜாதாவும் வேறு வேலையில் இருந்தவர்; பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்த பொறியாளர்தான்.

வேறு வேலை பார்த்துக்கொண்டே நாடகம் போடுவது பழைய மரபு. 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார் வழக்கறிஞர், பின்னாளில் நீதிபதி. நாடகம் போட்ட நாளில் இயக்குநர் கே. பாலசந்தர் ஏ.ஜி. ஆபீஸ் குமாஸ்தா, நடிகர் நாகேஷ் ரயில்வே ஊழியர். பகலில் கோப்பு, மாலையில் ஒத்திகை. மேலதிகாரி முன் நிற்கும் உடம்பு எப்படி வளையும், சம்பளத்துக்கு முந்தைய வாரம் வீட்டில் பேச்சு எப்படிச் சுருங்கும் என்பதையெல்லாம் இவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

வயிற்றுப்பாடு மேடையை நம்பி இல்லாததால் துணிச்சலும் வந்தது. நாடக ஆசிரியர் சோ வழக்கறிஞராகப் பயின்றவர். 1968இல் அவர் மேடையேற்றிய ‘முகம்மது பின் துக்ளக்’, நாட்டு அரசியலை முகத்துக்கு நேரே கிண்டல் செய்தது. சபா நாடகத்தில் காலைச் செய்தி மாலை வசனத்தில் நுழைந்துவிடும். ஒத்திகையில் இல்லாத ஒரு வரியை எதிரே நிற்பவர் தடுமாறாமல் ஏந்திக்கொள்ளும் அழகை, வசூலை மட்டும் நம்பி நடத்தும் மேடையில் அவ்வளவு எளிதாகக் காண முடியாது.

வேலையின் முகம் இன்று மாறிவிட்டது. ஐந்தரைக்கு மணி அடித்து விடும் ஆபீஸ் குறைந்து, இரவு ஷிப்டும் வீட்டிலிருந்தே வேலையும் வந்துவிட்டன. குழுவில் ஐந்து பேரை ஒரே நேரத்தில் ஓரிடத்தில் சேர்ப்பதே பெரும்பாடு. ஒத்திகையைக் கைபேசித் திரையில் நடத்தலாம். ஆனால் பார்வை எங்கே நிற்க வேண்டும் என்பதை அங்கே பழக முடியாது. ஜோவைப் பார்க்காமல் பார்க்க எல்லோரும் ஒரே மேடையில் நின்றாக வேண்டும்.

இத்தனைக்கும் நடுவே விடுப்பு எடுத்து, கைக்காசு போட்டு நடிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சென்னை கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸின் கோடை நாடக விழாவில் ஒரு மாலையாவது போய் உட்காருங்கள். டிக்கெட் வாங்கிக்கொண்டு போங்கள். நாடகம் முடிந்ததும் மேடைக்குப் பின்னால் சென்று, எந்த இடம் பிடித்தது என்று நடித்தவரிடமே சொல்லிவிட்டு வாருங்கள்.