‘என்ஜாய் எஞ்சாமி’: பொதுச்சொத்து என்கிற பொய்

2021 மார்ச்சில் ‘என்ஜாய் எஞ்சாமி’ காணொளி வந்தது. தீயும் அறிவும் பாடி நடித்தது. இசை சந்தோஷ் நாராயணன், இயக்கம் அமித் கிருஷ்ணன், வெளியீடு மாஜா நிறுவனம். நம்ம பக்கம் கல்யாண வீடு, கோயில் கொடை, மினிபஸ் எல்லாத்துலயும் அதே பாட்டுத்தான். அதன்பிறகு நடந்த ‘பாட்டு யாருடையது’ என்கிற சண்டையில் ஒரு கேள்வி தப்பிப் போய்விட்டது. அதை இங்கே எழுப்ப வேண்டும்.

அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தாயகம் திரும்பியவர். காணொளியிலும் வருகிறார். தோட்டத்தை உண்டாக்கியவருக்குத் தோட்டத்தில் பங்கில்லை என்பதே பாட்டின் கரு. இதைத் தாமிரபரணிக் கரைக்காரர்களுக்கு விளக்கிச் சொல்லணுமா என்ன? சிங்கம்பட்டி ஜமீன் காட்டை 1929இல் கம்பெனி 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. மாஞ்சோலையில் தேயிலை நட்டது நம்ம சனம். கூலி உயர்வு கேட்டு 1999 ஜூலை 23 அன்று ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் அடித்து ஆற்றுக்குள் விரட்டியது. 17 பேர் செத்தார்கள். 2024இல் கம்பெனி கிளம்பும்போது வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டது.

பாட்டின் கதை பாட்டுக்கே நேர்ந்தது. 2021 ஜூலையில் நியூயார்க் விளம்பரப் பலகையில் தீயும் டிஜே ஸ்னேக்கும் இருந்தார்கள், அறிவு இல்லை. ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ அட்டையிலும் இல்லை. பா. ரஞ்சித் பகிரங்கமாகக் கேட்ட பிறகுதான் அறிவுக்குத் தனி டிஜிட்டல் அட்டை வந்தது. 2022 ஜூலை 28, சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் தீயோடு கிடாக்குழி மாரியம்மாள் பாடினார். அறிவு அமெரிக்காவில் இருந்ததாகச் சந்தோஷ் விளக்கம் தந்தார். மாரியம்மாளிடம் நமக்கு ஒரு குறையும் இல்லை. ‘கர்ணன்’ படத்தில் அந்தக் குரலைக் கேட்டு நெஞ்சு நிமிர்ந்தவர்கள் நாம். ஆனால் ஒரு நாட்டார் குரல் இல்லாத இடத்தை இன்னொன்றால் நிரப்பிவிடலாம் என்றால், மேடை கேட்பது வெறும் மண்வாசனையைத்தான்.

சொல்லும் மெட்டும் தன்னுடையவை என்றார் அறிவு. கூட்டு உழைப்பையும் மறுக்கவில்லை. இசையமைப்பு தன்னுடையது, சில வரிகள் ஊர்ப் பெரியவர்களின் ஒப்பாரியிலிருந்து வந்தவை, வருவாய் மூவருக்கும் சமம் என்றார் சந்தோஷ். விமர்சகர்கள் இரண்டு கட்சியானார்கள். ஒரு கட்சி, “நாட்டார் பாட்டு பொதுச்சொத்து, அறிவு எப்படி உரிமை கொண்டாடலாம்?” என்றது. ஊர்ப் பொதுக்கிணற்றில் நம்மைத் தண்ணி மொள்ள விட்டார்களா? ‘பொது’ என்ற சொல் யாருக்குச் சாதகமாகப் புழங்குது என்பது நமக்குத் தெரியாததா? மற்றொரு கட்சி நம்மவர்கள். அறிவின் பக்கம் நின்றது சரி. ஆனால் அறிவு ஒருவரையே படைப்பாளியாக நிறுத்தியபோது, ஒப்பாரி சொன்ன கிழவிகள் மறுபடியும் பின்னணிக்குப் போனார்கள். சமம் என்று பிரித்த அந்த மூன்று பங்கிலும் அவர்களுக்கு ஒன்றும் இல்லை. 2024 மார்ச்சில், பாட்டிலிருந்து மூவருக்குமே வருவாய் வரவில்லை என்று சந்தோஷே சொன்னார். அப்படியென்றால் கடைசியில் இருப்பவளுக்கு என்ன வரும்?

நாட்டார் பாட்டுக்குப் பெயர் போட முடியாது என்பது சாக்கு. பாளையங்கோட்டையில் இருந்து வேலை செய்த நா. வானமாமலை 1964இல் ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ வெளியிட்டபோது, பல பாடல்களின் அடியில் உதவியவர், சேகரித்தவர், இடம் என்று அச்சிட்டார். கைப்பிரதிக் காலத்தில் முடிந்தது, இன்றைக்கு ஏன் முடியாது? ஒப்பாரியிலிருந்து ஒரு வரி எடுத்தாலும் சொன்னவர் பெயரும் ஊரும் காணொளியில் வரவேண்டும். ஒப்பந்தத்தில் அவருக்கும் பங்கு எழுதப்பட வேண்டும். இதை நம்முடைய இசைக்குழுக்களும் பதிப்பாளர்களும் முதலில் செய்து காட்டட்டும். பிறகு மாஜாவைக் கேட்போம்.