மணமும் மடிக்காசும்

ஜேன் ஆஸ்டின் 1813இல் வெளியிட்ட ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலைக் காதற் கதையென்று போற்றுவோர், அதில் வரும் சார்லட் லூக்கஸை மறந்துவிடுகின்றனர். அவளுக்கு வயது 27, சொல்லத்தக்க சீதனமில்லை. தான் மதிக்காத பாதிரியார் காலின்ஸை அவள் மணப்பது வீட்டுக்காகவும் சோற்றுக்காகவுமே. அவள் வர்க்கத்துப் பெண் மானத்தோடு பிழைக்க அன்றைய இங்கிலாந்தில் வேறு வழி அரிது. மணந்த பின்போ அவள் கைப்பொருளும் கணவனுடையதே. 1870, 1882ஆம் ஆண்டுச் சட்டங்கள் வந்த பிறகே அந்நிலை மாறியது.

சம்பாத்தியம் இருந்திருந்தால் சார்லட் விடுதலை பெற்றிருப்பாள் என்று முடிவுகட்டுவோரை நம் வட்டவளைத் தேயிலை மலைகளுக்கு அழைக்கிறோம். இங்கே பெண் கொழுந்து பறித்துத் தானே சம்பாதிக்கிறாள். ஆயினும் அவள் கூலியைத் தகப்பனோ கணவனோ வாங்கிக்கொள்வது மலையகத் தோட்டங்களில் நெடுங்கால வழக்கமாயிருந்தது. ஆணுக்குச் சமமான நாட்கூலியே 1984இல்தான் கிடைத்தது. தலைமுறைகள் வாழ்ந்த லயக் காம்பிராவோ தோட்டத்தின் சொத்து.

ஆகவே, பெண்ணுக்கு வேலை மட்டும் போதாது. உழைத்த காசு அவள் மடியில் சேரவேண்டும். கூரை அவள் பெயரில் இருக்கவேண்டும். அன்றே மணம் மனத்தைப் பொறுத்ததாகும். ஆஸ்டினின் புன்சிரிப்புக்கு அடியில் நாம் படிக்கவேண்டியது இந்தக் கணக்கையே.